குடக்கூலிக்கு ஓர் இடம்

கோடம்பாக்கம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நட்சத்திரங்கள் ஞாபகம் வருகிறார்கள். ஆற்காடு ரோட்டில் பத்து நிமிஷம் நின்றால் யாராவது ஒரு கதாநாயகன் காரில் போவான் என்று நம்பி வந்து, வெயிலில் காய்ந்து, ஓர் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பேட்டையிலேயே குடியிருக்கும் என் போன்றவர்களுக்கு நினைவு வேறு பக்கம் போகிறது. 1948-ஆம் வருஷம் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியிலிருந்து தம் ஸ்டூடியோவை இங்கே கொண்டு வந்த காலம் முதல், கோடம்பாக்கத்தின் உண்மையான பொக்கிஷம் நட்சத்திரங்களின் பங்களாக்களில் இருந்ததே இல்லை. அது லேப்களில், குளிரூட்டிய அறைகளில், தகர டப்பாக்களில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு நெகட்டிவ் என்று பெயர்.

ஒரு தயாரிப்பாளர் மனைவியின் நகையை விற்று, வீட்டை அடகு வைத்து, பைனான்ஸியரின் கையைக் காலைப் பிடித்து ஒரு படம் எடுப்பார். அத்தனை பாட்டுக்கும் பலனாகக் கிடைப்பது சில டப்பாக்களில் சுருட்டி வைத்த ஃபிலிம்தான். அந்த டப்பாக்களை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட முடியாது. வெப்பம் ஆகாது, ஈரம் ஆகாது, தூசி ஆகாது. ஆகவே அவை லேப்பிலேயே இருக்கும். பிரதி எடுக்க வேண்டுமென்றால் லேப்புக்குத்தான் கடிதம் போக வேண்டும். உடைமை ஒருவருடையது, இருப்பிடம் இன்னொருவருடையது. இந்த ஏற்பாடு நன்றாக நடந்தவரையில் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் லேப்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. அப்போதுதான் பலருக்கு, "நம்முடைய நெகட்டிவ் எங்கே?" என்ற கேள்வி உதித்தது. பதில் சொல்ல வேண்டிய சிப்பந்தி அதற்குள் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போயிருந்தார்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதே ஏற்பாடு இப்போது சினிமாக்காரர்களோடு நிற்கவில்லை. தையல்கடைக்காரர், ஜோசியர், கல்யாண மண்டப முதலாளி, பாட்டு வாத்தியார், என்னைப் போல் கதை எழுதிப் பிழைப்பவர் எல்லோரும் இன்று ஒரு வெப்சைட் வைத்திருக்கிறோம். பெயர்ப்பலகை நம்முடையது. சரக்கு நம்முடையது. ஆனால் அது இருக்கும் இடம்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த இடம் எந்தத் தேசத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. வெப்சைட்டுக்கு இரண்டு குடக்கூலி உண்டு. முதலாவது பெயருக்கு, அதை டொமைன் என்கிறார்கள். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நம் பெயர் இன்னொருவனுக்குப் போய்விடும். இரண்டாவது இடத்துக்கு, அதுதான் ஹோஸ்டிங். எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் இரவும் பகலும் அணையாமல் ஓடும் சர்வர் என்னும் யந்திரத்தில் நமக்கு ஒரு மூலை ஒதுக்கித் தருவார்கள். நம்முடைய எழுத்து, படம், கணக்கு எல்லாம் அந்த மூலையில் இருக்கும். டொரண்டோவிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஒருவர் நம் பெயரைத் தட்டினால் அந்த யந்திரம் எடுத்துக் கொடுக்கும். மலிவான திட்டங்களில் ஒரே யந்திரத்தில் நூற்றுக்கணக்கான குடித்தனங்கள். ஒண்டுக் குடித்தனத்தில் ஒருவர் வீட்டில் சீமந்தம் என்றால் எல்லோருக்கும் குழாயில் தண்ணீர் நின்றுபோகும் அல்லவா? அதே கதைதான். பக்கத்துக் குடித்தனக்காரருடைய கடைக்குத் தீபாவளிக் கூட்டம் வந்தால் நம் வெப்சைட் முக்கி முனகிக்கொண்டு திறக்கும்.

நம் ஊரில் இந்த வியாபாரத்துக்கு வயது அதிகம் இல்லை. 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி, வி.எஸ்.என்.எல். என்ற அரசாங்க ஸ்தாபனம் பொது ஜனங்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. பம்பாய், டில்லி, கல்கத்தா, மதராஸ் ஆகிய நகரங்களுக்கு அன்று இரண்டாவது சுதந்திரம் வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். வந்த சுதந்திரம் உடனே கைக்கு எட்டவில்லை. டெலிபோனில் எண்ணைச் சுழற்றினால் ஈயென்று இரைச்சல் கேட்கும், லைன் அறுந்துபோகும். மறுபடி சுழற்ற வேண்டும். சாதாரண இணைப்பின் வேகம் வினாடிக்கு 9,600 பிட். இதற்கு ஆயிரக்கணக்கான ரூபாய் சந்தா! பணம் கட்டியவர்கள் கொதித்துப் போனார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அப்போது ஓர் அபூர்வமான காரியம் நடந்தது. அந்த ஸ்தாபனத்தின் தலைவர் பி. கே. சிங்கல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, தாங்கள் கணக்குத் தப்பிவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சில வாரங்களில் சரி செய்வதாக வாக்களித்தார். அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் வாடிக்கைக்காரர்களுக்கு முன்னால் இப்படி நின்றதை நம் தேசத்து வாடிக்கைக்காரர் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் எழுத வேண்டும். இதற்குப் பின்னால் வந்த கம்பெனிகளில் பல, வேகத்தில் அவரை ஆயிரம் மடங்கு மிஞ்சின. இந்த ஒரு விஷயத்தில் அவரை மிஞ்சியவை குறைவு.

1998-ல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. முதலில் களம் இறங்கிய சத்யம் இன்ஃபோவே சென்னையிலிருந்து புறப்பட்ட கம்பெனிதான். தெருவுக்குத் தெரு பிரவுஸிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பலகைத் தடுப்புக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, உலகத்தைப் பார்த்தோம். பார்த்தால் போதுமா? நாமும் உலகத்தில் ஒரு பக்கம் வைக்க வேண்டாமா? கையில் காசில்லாதவர்களுக்கு அப்போது ஒரு தர்ம சத்திரம் இருந்தது. அதன் பெயர் ஜியோஸிட்டீஸ்.

1994-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த இந்தச் சத்திரத்தைப் பட்டணம் போலவே அமைத்திருந்தார்கள். சினிமா ரசிகர்களுக்கு ஹாலிவுட் என்று ஒரு பேட்டை; இலக்கியம், தத்துவம் பேசுகிறவர்களுக்கு ஏதென்ஸ் என்று ஒரு பேட்டை. அதில் காலியாகக் கிடக்கும் வீட்டு எண்ணைப் பார்த்துக் குடிபோக வேண்டியதுதான். வாடகை கிடையாது. தமிழர்களும் குடிபோனார்கள். தங்கள் ஊரைப் பற்றியும், கோவிலைப் பற்றியும், அபிமான நட்சத்திரத்தைப் பற்றியும் பக்கம் கட்டினார்கள். அப்போது எல்லோருக்கும் பொதுவான தமிழ் எழுத்துரு கிடையாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் எழுதி, "முதலில் இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று வாசலில் அறிவிப்புப் பலகை மாட்டியிருப்பார்கள்.

1999-ல் யாகூ கம்பெனி இந்தப் பட்டணத்தை 350 கோடி டாலருக்கு மேல் விலை பேசி வாங்கியது. வாங்கிய சில மாதங்களிலேயே ஒரு புதிய நிபந்தனை விதித்தார்கள். குடித்தனக்காரர்கள் வைத்திருக்கும் எழுத்தையும் படத்தையும் தாங்களும் இஷ்டப்படி உபயோகித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வீட்டுக்காரன், "உன் பீரோவில் இருப்பதும் எனக்கும் சொந்தம்" என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? குடித்தனக்காரர்கள் பக்கங்களைக் காலி செய்து எதிர்ப்புக் காட்டினார்கள். நிபந்தனை வாபஸ் ஆயிற்று. ஆனால் பத்து வருஷம் கழித்து, 2009 அக்டோபர் 26-ஆம் தேதி, யாகூ பட்டணத்தையே இடித்துவிட்டது. சில மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுத்தார்கள் என்பது உண்மை. நோட்டீஸ் போன விலாசங்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. கல்லூரியில் படித்தபோது பக்கம் கட்டியவர்கள் அதற்குள் இரண்டு பிள்ளை பெற்று, மூன்று உத்தியோகம் மாறியிருந்தார்கள். ஜேசன் ஸ்காட் என்ற அமெரிக்கரும் அவருடைய தோழர்களும் இராப்பகலாக உட்கார்ந்து, அகப்பட்ட பக்கங்களையெல்லாம் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். வீடு இடிபடும்போது தெருவில் போனவர்கள் ஓடி வந்து தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே தூக்கிப் போட்ட மாதிரி. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் யாரும் இல்லை.

அது தர்ம சத்திரம். கேட்க உரிமை இல்லை என்று சிலர் சொல்லலாம். காசு கொடுத்தவன் கதை என்ன?

சில வருஷங்களுக்கு முன் என் கதைகளுக்கு ஒரு வெப்சைட் வைத்திருந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை அது காணவில்லை. பெயரைத் தட்டினால் வெள்ளைத் தாள் ஒன்று வந்து நின்றது. உதவிக்கு எழுதினேன். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது! "உங்கள் கடிதம் எங்களுக்கு மிக மிக முக்கியமானது" என்று எழுதி, ஏழு இலக்கத்தில் ஒரு டிக்கெட் எண்ணும் கொடுத்திருந்தார்கள். ரயிலுக்கு டிக்கெட் என்றால் புறப்படும் நேரமாவது போட்டிருக்கும். இதில் அதுவும் இல்லை. மறுநாள் ஒரு கனவான் எழுதினார்: என்னுடைய கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்து ஏற்றிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு மறுநாள் வேறொரு பெயரில் ஒருவர், முதலாமவர் கேட்டதையே மறுபடி கேட்டார். நான்காம் நாள் ஓர் அம்மாள், நான் உயர்ந்த திட்டத்துக்கு மாறினால் இப்படிப்பட்ட சங்கடங்கள் வராது என்று கனிவோடு தெரிவித்தார். எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் இரவு டெலிபோன் மணி அடித்தது. இளம் குரல். நல்ல தமிழ். மதுரைப் பக்கம் என்று தோன்றியது.

"ஸார், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சைட் இருந்த மிஷின்ல டிஸ்க் போயிருச்சு. நாங்க எடுத்து வச்ச நகல் ரெண்டு மாசம் பழசு. அதைப் போட்டுத் தர்றேன். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் போனதுதான் ஸார். திரும்பக் கிடைக்காது."

ஆறு நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த பதில் இதுதான். கெட்ட சேதியாக இருந்தும் மனசு ஆறியது. "ரொம்ப நன்றி, தம்பி" என்றேன். அவன் சற்றுத் தயங்கி, "ஸார், அந்த ரெண்டு மாசத்துல முக்கியமா ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டான்.

இருந்தது. என் கதைகள் காகிதத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் கதைகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதும் கடிதங்கள் அங்கேதான் வந்து சேரும். அந்த இரண்டு மாதத்தில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர், என் கதையில் வரும் ஒரு கிணற்றடியைப் படித்துவிட்டு, தாம் விட்டுவந்த வீட்டின் கிணற்றைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். துலா, கப்பி, கிணற்று மேடையில் அவருடைய தாயார் வைத்துவிட்டு வந்த செம்பு எல்லாம் அதில் இருந்தன. அவரிடமும் அதற்குப் பிரதி இல்லை. மறுபடி எழுதச் சொல்லிக் கேட்டேன். "ஒருமுறைதான் அப்படி எழுத வரும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவரை வற்புறுத்தவில்லை. கம்பெனி எனக்கு நஷ்ட ஈடாக ஒரு மாதக் குடக்கூலியைத் தள்ளிக் கொடுத்தது.

அந்த மதுரைப் பிள்ளையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உதவி மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களை வைவது சுலபம். இராத்திரி இரண்டு மணிக்கு, தான் கண்ணால் பார்க்காத ஒரு யந்திரம் கெட்டதற்காக, தான் முகம் பார்க்காத ஒருவனிடம் வசவு வாங்குவது அவர்கள் உத்தியோகம். மாசம் நூறோ இருநூறோ ரூபாய்க்கு இடம் விற்கிற கம்பெனி, ஒரு வாடிக்கைக்காரனுக்காக ஒரு சிப்பந்தி அரைமணி நேரம் செலவிட்டால் அந்த மாச லாபத்தை இழந்துவிடும். அதனால்தான் முதல் பதிலை யந்திரம் எழுதுகிறது; இரண்டாவது பதிலை அச்சடித்த தாளிலிருந்து படிக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் ஐந்தாவது கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

இந்தக் கதவுகளைக் குறைக்க வேண்டும் என்று புறப்பட்டவரும் நம் சென்னைக்காரர்தான் என்பது வேடிக்கை. கிரீஷ் மாத்ருபூதம் என்பவர் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது அவருடைய டெலிவிஷன் பெட்டி உடைந்து வந்து சேர்ந்தது. நஷ்ட ஈட்டுக்காக மாதக்கணக்கில் எழுதியும் பேசியும் பலன் இல்லை. கடைசியில் நாலு பேர் பார்க்கிற பொது இடத்தில் விஷயத்தை எழுதிப் போட்டார். உடனே பணம் வந்துவிட்டது! வாடிக்கைக்காரனின் குரலுக்கு இப்போது பலம் வந்திருக்கிறது என்பதை அவர் அதில் கண்டுகொண்டார். 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். வாடிக்கைக்காரர்களின் புகார்களை ஒழுங்குபடுத்திப் பதில் சொல்ல மற்றக் கம்பெனிகளுக்குக் கருவி செய்து கொடுப்பது அதன் தொழில். 2021-ல் அது அமெரிக்கப் பங்குச் சந்தை வரையில் போயிற்று. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வடமொழியில் மாத்ருபூதம் என்று பெயர். காவேரி வெள்ளத்தால் தாய் வர முடியாதபோது, பிரசவ வேதனையில் இருந்த பெண்ணுக்குத் தாயாக வந்து நின்றவர் என்பது புராணம். உதவி மேஜைக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் ஏது?

ஆனால் கருவி வேறு, பொறுப்பு வேறு. வட இந்தியாவில் நெட் ஃபோர் இந்தியா என்று ஒரு கம்பெனி டொமைன் பெயர்களும் இடமும் விற்று வந்தது. 2019-ல் அதன் மேல் திவால் நடவடிக்கை ஆரம்பமாயிற்று. 2020-ல் வாடிக்கைக்காரர்கள் தவிக்கத் தொடங்கினார்கள். பணம் கட்டிப் புதுப்பிக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வேறு கம்பெனிக்கு மாறிப் போகலாம் என்றால் சாவி கொடுக்க ஆள் இல்லை. இருபது வருஷமாக ஒரே பெயரில் வியாபாரம் செய்தவர்களுடைய கடை, வாசலில் பெயர்ப்பலகை இல்லாமல் மூடிக்கிடந்தது. தபாலும் நின்றுபோயிற்று, ஏனென்றால் அவர்களுடைய மின்னஞ்சல் விலாசமும் அந்தப் பெயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உலகம் முழுவதிலும் இந்தப் பெயர்களுக்கு மேற்பார்வை செய்கிற ஐகான் என்ற ஸ்தாபனம், புகார்கள் குவிந்த பிறகு, 2021 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் அங்கீகாரத்தை ரத்து செய்ய நோட்டீஸ் கொடுத்தது. பிறகு பெயர்களை வேறொரு கம்பெனிக்கு மாற்றினார்கள். அங்கே இடம் தீர்ந்துபோகவில்லை, யந்திரம் எரிந்துபோகவில்லை. கதவைத் தட்டினால் "யாரது?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

யந்திரம் எரிந்த கதையும் உண்டு. அதே 2021 மார்ச்சு 10-ஆம் தேதி விடிவதற்கு முன், பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஎச் என்ற பெரிய கம்பெனியின் ஐந்து மாடிக் கட்டடம் தீப்பற்றிச் சாம்பலாயிற்று. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. லட்சக்கணக்கான வெப்சைட்டுகள் ஒரே இரவில் இருண்டன. அவற்றில் ஒரு கம்பெனிக்காரர் முன்ஜாக்கிரதையாகத் தனியே காசு கட்டி, தம் சரக்குக்கு இன்னொரு நகலும் வைக்கச் சொல்லியிருந்தார். விசாரித்தபோது தெரிந்தது: நகலையும் அதே கட்டடத்தில்தான் வைத்திருந்தார்களாம்! வைக்கோற்போரில் ஒரு பணமூட்டை, பயத்துக்கு இன்னொரு மூட்டையும் அதே வைக்கோற்போரில். 2023-ல் லீல் நகரத்து நீதிமன்றம், ஒரே கட்டடத்தில் வைத்தது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து, ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு குடித்தனக்காரரும் படிக்க வேண்டும்.

அப்படியானால் பிறர் இடமே வேண்டாம், எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பேட்டைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மேற்கு மாம்பலத்திலும் அசோக் நகரிலும் கீழ்த்தளத்தில் இருந்தவர்களுடைய பத்திரம், போட்டோ, புஸ்தகம் எல்லாம் ஒரே கூழாயின. 1878-ல் பிறந்த 'ஹிந்து' பத்திரிகையே அந்த டிசம்பர் 2-ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. தொலைதூரத்து யந்திரத்தில் கல்யாணப் போட்டோவை ஏற்றி வைத்திருந்தவர்கள் அன்று அந்த முகம் தெரியாத வீட்டுக்காரனை வாழ்த்தியிருப்பார்கள்.

ஆக, வீடும் நம்பத் தகுந்ததல்ல; வெளியிடமும் நம்பத் தகுந்ததல்ல. இந்தச் சங்கடத்துக்கு நம்மவர்கள் எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள். பனையோலை முந்நூறு வருஷத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். கறையான் ஒரு பக்கம், ஆடிப்பெருக்கு ஒரு பக்கம். ஆனாலும் சீவக சிந்தாமணி எப்படி உ. வே. சாமிநாதையர் கைக்கு வந்து 1887-ல் அச்சேறியது? ஒரே ஏட்டை யாரும் நம்பியிருக்கவில்லை. மடத்தில் ஒன்று, கவிராயர் வீட்டில் ஒன்று, ஜைனர் வீட்டில் ஒன்று என்று பிரதிகள் பல ஊர்களில் சிதறியிருந்தன. ஒரு ஏட்டில் சிதைந்த இடத்தை இன்னொரு ஏடு காப்பாற்றிக் கொடுத்தது. 1998-ஆம் வருஷம் பொங்கலன்று, சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரமும் உலகெங்குமுள்ள அன்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே வழியில்தான் நடந்தது. பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டெழுதி, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எந்த வீட்டுக்காரன் கதவைச் சாத்தினாலும் அந்த நூல்கள் இனிச் சாகா.

சினிமாக்காரர்களிலும் புத்திசாலிகள் ஒரு காரியம் செய்வதுண்டு. மூல நெகட்டிவ் ஒரு லேப்பில் இருந்தால், டூப் நெகட்டிவ் ஒன்று எடுத்து வேறிடத்தில் வைப்பார்கள். செலவுதான். செலவுக்கு அஞ்சியவர்களுடைய படங்கள் எங்கே என்று இன்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' பாட்டுப் புஸ்தகத்திலும் விளம்பரத்திலும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒரு பிரதி இல்லை.

ஆகையால் வெப்சைட் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குடக்கூலி கட்டுவதற்கு முன், எத்தனை இடம் தருவீர்கள், என்ன வேகம் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். நகல் எத்தனை நாளுக்கு ஒரு தரம் எடுக்கிறீர்கள், அதை எந்த ஊரில் வைக்கிறீர்கள், இராத்திரி கதவைத் தட்டினால் எழுந்து வருபவர் பெயர் என்ன என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு மனிதரின் பெயரைப் பதிலாகச் சொல்லும் கம்பெனி கிடைத்தால், பத்து ரூபாய் அதிகமானாலும் அங்கேயே குடியிருங்கள். அப்படியும் மாசம் ஒருமுறை, முதல் தேதி சம்பளம் வந்தவுடன் பால் கணக்குத் தீர்ப்பதுபோல, எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள்.